மாவு கேள்வி, மாவு பதில்: அலர்ஜி தராத கோதுமை வருமா?

போன இதழில் மைதாவைப் பற்றி எழுதும்போது, 'ஸ்பெயினில் கோதுமையின் மரபணுவையே வெட்டி, ஒத்துக்கொள்ளாத புரதத்தைக் குறைத்திருக்கிறார்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். மைதாவை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதமாக வந்து குவிகிறது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை. 26 வருஷம் ஒரு ரோலர் ஃப்ளோர் மில்லின் ஆய்வகத்தில் மாவு சோதித்தவள். மருந்தும் பரிசோதனையும் உங்கள் டாக்டரிடம், மாவு என்னிடம்.

மகன் குர்கானில் இருக்கிறான். பேத்திக்கு ஆறு வயது. எடை ஏறவே இல்லை, ரத்தசோகை வேறு. 'சீலியாக்' என்று சொல்லி, கோதுமையை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். 'மரபணு மாற்றிய கோதுமை வரப்போகிறது, அது வந்தால் சாப்பிடலாம்' என்கிறான் மகன். எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் அம்மா? (மதுரை வாசகி)

காத்திருக்காதீர்கள். குழந்தைக்கு இன்றைக்கு என்ன சமைப்பது என்பதை மட்டும் பாருங்கள். மகன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை; அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோதுமையால் வருகிற தொல்லை எல்லாவற்றையும் நாம் 'அலர்ஜி' என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம். உங்கள் பேத்திக்கு இருப்பது அலர்ஜி அல்ல. அலர்ஜி என்றால் பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிஷங்களில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு என்று முகத்துக்கு நேராக வந்து நிற்கும். சீலியாக் சத்தமில்லாமல் வேலை செய்யும். கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பித்துவிடுகிறது. குடலின் உள்சுவரில் பூந்துவாலை நூல்போல நிற்கிற சின்னச் சின்ன விரல்கள்தான் சத்தை உறிஞ்சுகின்றன. அவை தேய்ந்து தட்டையாகிவிடும். பிள்ளை சாப்பிடும், ஆனால் உடம்பில் ஒட்டாது.

இதைக் கோதுமையோடு முடிச்சுப் போட்டுக் காட்டியவர் டிக்கெ என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். அவருக்கு முன்பிருந்தே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ஜனங்கள் டியூலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். ஊரே வாடிக் கிடக்க, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள்.

இப்போது ஸ்பெயினுக்கு வருவோம். க்ளூட்டன் என்பது ஒரே பொருள் இல்லை. கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு பெரிய குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட உறுப்பினர்கள். அதில் சீலியாக்காரர்களை அதிகம் படுத்துவது ஆல்ஃபா-கிளையடின். அதற்குள் 33 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு இருக்கிறது. புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமிலங்கள் அதில் நெருக்கமாக இருப்பதால் நம் வயிற்று நொதிகளால் அதை வெட்ட முடியாது. அப்படியே குடலுக்குப் போய் வம்பு இழுக்கும். கோர்தோபா நகரத்தில் பிரான்சிஸ்கோ பாரோவின் குழு, மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் என்ற கத்தரியை வைத்து இந்தக் குடும்பத்தைத் தேடித் தேடி வெட்டியது. 2018-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், ஒரு கோதுமை வகையில் 45 ஆல்ஃபா-கிளையடின் மரபணுக்களில் 35 மாறிவிட்டன. சீலியாக்கைத் தூண்டும் தன்மை 85% குறைந்தது.

கேட்கப் பிரமாதமாக இருக்கிறது இல்லையா? அடுப்படிக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு. அதில் சுமாராக 3 கிராம், அதாவது 3,000 மில்லிகிராம் க்ளூட்டன். 85% போய்விட்டது என்றே வையுங்கள், மீதி 450 மில்லிகிராம். (ஆய்வகத்தில் அளந்தது தூண்டும் தன்மையைத்தான், எடையை அல்ல. அதை அப்படியே தராசில் வைக்கக் கூடாது. ஆனாலும் நிலைமை புரியும்.) சீலியாக்காரர்களுக்குத் தினம் 50 மில்லிகிராம் போனாலே மூன்று மாதத்தில் குடல் கெடுகிறது என்று இத்தாலியில் செய்த ஆய்வு சொல்கிறது. 'க்ளூட்டன் ஃப்ரீ' என்று அச்சடிக்க நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் எல்லை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். 30 கிராமில் 450 என்றால் கிலோவுக்கு 15,000. 15,000 எங்கே, 20 எங்கே!

மாறாமல் மிஞ்சிய அந்தப் பத்து மரபணுவையும் வெட்டினால் போதுமா என்றால், போதாது. காமா-கிளையடின், ஒமேகா-கிளையடின், குளூட்டெனின் என்று மற்ற உறவுக்காரர்களிடமும் குடலைச் சீண்டும் துண்டுகள் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டீட்டர் ஃபான் வெட்ஸ்டைன் என்பவரின் குழு வேறு வழியில் போனது. விதை முற்றும்போது இந்த மரபணுக்களை எழுப்பிவிடும் ஒரு மேஸ்திரி மரபணு இருக்கிறது. அந்த மேஸ்திரியையே அடக்கினால் கூலியாட்கள் வேலைக்கு வரமாட்டார்கள் என்பது யோசனை. நிறையக் குறைந்தது, ஆனால் பூஜ்யமாகவில்லை. இவற்றில் எதுவும் இன்று எந்தக் கடை அலமாரியிலும் இல்லை.

அப்படியானால் இந்தக் கோதுமை யாருக்கு? என் கணிப்பு, இது நோய் வந்தவர்களுக்கு அல்ல, இன்னும் வராதவர்களுக்கு. சீலியாக் வர ஒரு குறிப்பிட்ட மரபணு வகை வேண்டும். அது நம் ஜனங்களில் மூன்றில் ஒருவரிடம் இருக்கிறது, வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒரே அளவில். ஆனால் 2016-ல் வெளியான ஒரு பெரிய இந்திய ஆய்வில், வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கு நோய், தெற்கே 0.10 பேருக்கு. ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். மரபணு ஒன்று, தட்டு வேறு. உங்கள் மகன் மதுரையிலிருந்து குர்கானுக்குப் போனபோது இடம் மட்டுமா மாறியது, தட்டும்தானே மாறியது. தினம் மூன்று வேளை ரொட்டி சாப்பிடும் ஊரில், தூண்டும் துண்டு குறைந்த கோதுமை புழங்கினால் அடுத்த தலைமுறையில் நோயாளிகள் குறையலாம். குறையும் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. உங்கள் பேத்திக்கு அது உதவாது.

கடிதத்தின் கடைசியில் நீங்கள் கேட்டிருக்கும் லீவு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

க்ளூட்டனை எடுத்துவிட்டால் பரோட்டா வருமா? (விருதுநகரில் கடை வைத்திருப்பவர்)

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி.

நான் மில்லில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்த வேலை இது; நீங்களும் கடையில் செய்து பார்க்கலாம். 25 கிராம் மைதாவை எடையிட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு உருண்டையாகப் பிசைந்து, அரை மணி ஊற விடுங்கள். பிறகு குழாயைச் சின்னதாகத் திறந்து, உருண்டையை உள்ளங்கையில் வைத்து விரலால் பிசைந்துகொண்டே கழுவுங்கள். பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் போகும், அது ஸ்டார்ச். உருண்டை குழைந்து கையோடு போய்விடும் போலிருக்கும், பயப்படாதீர்கள். பத்து நிமிஷத்தில் தண்ணீர் தெளியும். கையில் மிஞ்சுவது மென்று துப்பின சூயிங்கம் மாதிரி சாம்பல் மஞ்சளில் ஒரு ரப்பர். பிழிந்த தண்ணீரில் ஒரு சொட்டு அயோடின் விட்டு நீலம் வராவிட்டால் கழுவியது போதும். அந்த ரப்பர்தான் க்ளூட்டன். 1728-ல் பொலோனியாவில் பெக்காரி என்பவர் முதல்முதலாக இதைக் கழுவி எடுத்துக் காட்டினார். முந்நூறு வருஷமாகியும் கழுவும் முறை பெரிதாக மாறவில்லை. இயந்திரம் வந்த பிறகும் நான் பழக்கதோஷத்தில் கையால்தான் கழுவிக்கொண்டிருந்தேன்.

இப்போது அதை இழுங்கள். நீளும், அது கிளையடினின் குணம். விட்டால் சுருண்டு திரும்பும். அது குளூட்டெனினின் குணம். உங்கள் மாஸ்டர் எண்ணெயில் ஊறிய உருண்டையை எடுத்துக் கல்மேடையில் வீசி வீசி, கீழே இருக்கும் கிரானைட் தெரிகிற அளவுக்கு விரிக்கிறாரே, அந்த விரிப்பு முழுக்கக் கிளையடின் தயவு. கிழியாமல் பிடிப்பது குளூட்டெனின் தயவு. 'மாவு கோவிச்சுக்குது' என்று மாஸ்டர்கள் சொல்வார்கள் பாருங்கள், விரித்தால் சுருங்கிக்கொள்ளும். அது இரண்டும் ஒத்துப்போகாத மாவு.

ஆக, ஒத்துக்கொள்ளாத புரதம் என்று தூக்கச் சொல்வதும், உங்கள் கடையில் வேலை பார்ப்பதும் ஒரே ஆள். கோதுமையில் நடக்கிற மரபணு ஆராய்ச்சி முழுவதும் இந்த இழுபறிதான்.

ஆனாலும் பாருங்கள், ஆல்ஃபா-கிளையடினை மட்டும் குறைத்தால் மாவு செத்துவிடாது. ஸ்பெயின்காரர்கள் அப்படிப்பட்ட மாவில் ரொட்டி சுட்டுப் பார்த்தார்கள், நன்றாகவே வந்தது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில், 6டி என்ற குரோமோசோமில் (மரபணுக்கள் கோத்திருக்கும் இழையில்) இருக்கும் ஆல்ஃபா-கிளையடின் கொத்து முழுதும் கழன்றுபோன கோதுமையை எடுத்துச் சோதித்து 2025-ல் வெளியிட்டார்கள். சீலியாக்கை மோசமாகத் தூண்டும் துண்டுகள் இருப்பது அந்தக் கொத்தில்தான். அது போனதும் க்ளூட்டனின் பலம் கூடியது! ரொட்டி சுடுகிறவருக்கு அது லாபம். உங்களுக்கு? பலம் கூடினால் மாவு கோபித்துக்கொள்ளும். ஊறும் நேரத்தைக் கூட்ட வேண்டியிருக்கும், எண்ணெயும் கொஞ்சம் கூடும் என்பது என் ஊகம். பரோட்டா மாஸ்டர் யாரையும் டேவிஸில் கூப்பிட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம்.

கிரிஸ்பர் செய்தால் அது ஜிஎம் பயிரா (மரபணு மாற்றிய பயிரா), இல்லையா மேடம்? இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது? (கல்லூரி மாணவர், கோவை)

தம்பி, மூன்று வேலைகளைப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, வாயைப் பொத்துவது. வெளியிலிருந்து ஒரு மரபணுத் துண்டை உள்ளே வைத்து, கிளையடின் மரபணு பேச ஆரம்பித்ததும் அதன் செய்தியை அழித்துவிடும் முறை. பாரோ குழு 2010-ல் செய்தது இது. வெளித்துண்டு கோதுமையிலேயே தங்கிவிடும், சந்தேகமில்லாமல் ஜிஎம். இதில் ஒரு வசதி, ஒரே துண்டு ஒரு குடும்பத்தையே அடக்கும்.

இரண்டாவது, கிரிஸ்பர். கத்தரி போய்ச் சொன்ன இடத்தில் வெட்டும். செல் அவசரமாக ஒட்டுப்போடும்போது ஒன்றிரண்டு எழுத்து பிசகும்; மரபணு படிக்க முடியாமல் போகும். பிறகு கத்தரியை அடுத்த தலைமுறையில் கழித்துவிடலாம். கோதுமையில் இது சாதாரண வேலை இல்லை. ரொட்டிக் கோதுமை மூன்று புல்லினங்கள் கலந்து உண்டானது. அதனால் எல்லா மரபணுவும் மூன்று செட். மொத்த மரபணுத் தொகுதி மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு பெரிசு. அதில் 45 இடத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுதியிருக்கிற வரியைத் தேடி அடிக்க வேண்டும்.

மூன்றாவது, காமா கதிர். மேலே சொன்ன டேவிஸ் கோதுமை அப்படி வந்ததுதான். விதை மீது கதிரைப் பாய்ச்சி, எங்கெங்கோ உடைந்ததில் வேண்டியது உடைந்த செடியைப் பொறுக்கி எடுப்பது. இதற்குத் தனி அனுமதி யாரும் கேட்பதில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையம் இப்படி உண்டாக்கிய நிலக்கடலையை நாம் பல வருஷமாக வறுத்துத் தின்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் கேள்வி இல்லை, குறி பார்த்துச் சுட்டால் ஆயிரம் கேள்வி என்பது எனக்கு எப்போதும் சிரிப்பாக இருக்கும்.

சட்டத்துக்கு வருவோம். ஐரோப்பிய நீதிமன்றம் 2018-ல் கிரிஸ்பர் பயிரும் ஜிஎம் பயிர்தான் என்று தீர்ப்பு சொன்னது. நம் நாட்டில் 2022 மார்ச்சில், வெளி மரபணு மிச்சம் இல்லாத திருத்தப் பயிர்களுக்குக் கடுமையான ஜிஎம் விதிகளிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். 2025 மே மாதம் இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை அறிவித்தார்கள். கோதுமை அந்த வரிசையில் இல்லை. உலகத்திலேயே விவசாயி வயலுக்கு வந்த ஜிஎம் கோதுமை ஒன்றுதான்: அர்ஜென்டினாவின் எச்பி4, சூரியகாந்தி மரபணு வைத்தது. அது வறட்சியைத் தாங்க. அலர்ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எல்லாம் பசுமைப் புரட்சிக் குட்டைக் கோதுமை செய்த வேலை. நம் சம்பா கோதுமையைச் சாப்பிட்டால் மரபணு வித்தை எதற்கு? (இயற்கை விவசாயி, திண்டுக்கல் மாவட்டம்)

ஐயா, சம்பா கோதுமை எனக்கும் பிடிக்கும். அதன் ரவையில் செய்த கஞ்சிக்கு ஈடு கிடையாது. ஊட்டி பக்கம் வெலிங்டனில் இருக்கும் கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் அதில் குட்டை ரகமே உண்டாக்கியிருக்கிறார்கள். ஆக, உங்கள் சம்பாவிலும் குட்டை உண்டு.

குட்டையாக்கிய மரபணு தண்டின் உயரத்துக்கானது, க்ளூட்டனுக்கானது அல்ல. ஜெர்மனியில் 1891 முதல் 2010 வரை பயிரான 60 ரகங்களை ஒன்றாக விதைத்து அளந்து பார்த்தார்கள். க்ளூட்டன் மொத்தத்தில் அப்படியே இருந்தது. கிளையடின் கொஞ்சம் குறைந்துகூட இருந்தது. டிக்கெயின் குழந்தைகள் நோயில் விழுந்தது குட்டைக் கோதுமை வருவதற்கு முன்னால்.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சம்பாவில் இரண்டு செட் மரபணுதான். ரொட்டிக் கோதுமைக்கு மூன்றாவதாக வந்து சேர்ந்த டி செட் இதில் இல்லை. அந்த 33 அமினோ அமிலத் துண்டு டி செட்டின் சொத்து. அந்த மட்டில் சம்பா தப்பித்தது. ஆனால் மற்ற துண்டுகள் இருக்கின்றன. தயவுசெய்து 'பாரம்பரியக் கோதுமை, சீலியாக்காரர்களும் சாப்பிடலாம்' என்று பாக்கெட்டில் அச்சடிக்காதீர்கள். உங்கள் பாக்கெட்டில் அப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை. சந்தையில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த எரிச்சல்.

பேக்கரியில் 12 வருஷமாக மாவு பிசைகிறேன். அடுக்குத் தும்மல், இரவில் இழுப்பு. ஆனால் பன், ரொட்டி சாப்பிட்டால் ஒன்றும் செய்வதில்லை. இது என்ன வகை? (சிவகாசி)

என் வகை, தம்பி.

மில்லில் எட்டாவது வருஷம் எனக்கு ஆரம்பித்தது. திங்கட்கிழமை காலை சலிப்பான் மாடிக்கு மாதிரி எடுக்க ஏறினால் இருபது தும்மல். ஞாயிற்றுக்கிழமை மூக்கு சும்மா இருக்கும். வீட்டில் சப்பாத்தி தேய்த்தால் தும்மல், அதே சப்பாத்தியைச் சாப்பிட்டால் ஒன்றுமில்லை. தூசி இழுக்கும் துணிக்குழாய் கிழிந்து மாதக் கணக்காக மாற்றாமல் இருந்தது. கேட்டபோது, 'கர்சீப் கட்டிக்கோங்க மேடம்' என்றார்கள். கட்டிக்கொண்டு இன்னும் ஆறு வருஷம் ஓட்டினேன். இப்போதும் கைப்பையில் இன்ஹேலர் இருக்கிறது.

மாவு வேலைக்காரர்களின் இந்த மூச்சுத் தொல்லையை 1700-லேயே ரமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர் எழுதி வைத்துவிட்டார். இங்கே முக்கியக் காரணம் க்ளூட்டன் அல்ல. பூச்சி தன்னைத் தின்னாமல் இருக்கக் கோதுமை வைத்திருக்கும் சின்னப் புரதங்கள் உண்டு. பூச்சியின் செரிமான நொதிகளை முடக்குபவை. ஏடிஐ என்பார்கள். அவை மூக்கு வழியாகப் போனால்தான் நமக்கு வம்பு; வெந்து வயிற்றுக்குள் போனால் பலருக்குப் பேசாமல் இருக்கும். இத்தாலியில் ஒரு குழு 2020-ல் மக்ரோனி செய்கிற டூரம் கோதுமையில் கிரிஸ்பரால் இந்தப் புரதங்களில் இரண்டை முடக்கிக் காட்டியது. மாவு இழுவைக்கு இதனால் கேடு வராது என்பதால், இந்தத் துறையில் எனக்கு நிஜமான நம்பிக்கை தருவது இதுதான். பூச்சி என்ன சொல்லும் என்பது மட்டும்தான் என் சந்தேகம். தன் வேலியைத் தானே பிடுங்கிப்போட்ட செடி வயலில் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதுவரை: மூட்டையை உயரத்திலிருந்து கொட்டாதீர்கள். மேஜையில் மாவை விசிறித் தூவாமல் எண்ணெய் தடவித் தேயுங்கள். துடைப்பத்துக்குப் பதில் ஈரத் துணி. கர்சீப் போதாது, என்95 போடுங்கள். ரொட்டி மிருதுவாக வரச் சேர்க்கும் இம்ப்ரூவர் பொடியையும் கவனியுங்கள். அதில் இருக்கும் பூஞ்சை அமைலேஸ் நொதியும் இதே வேலையைச் செய்யும். டாக்டரிடம் போனால் இழுப்பு என்று மட்டும் சொல்லாமல், மாவு வேலை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டு நாலு வருஷம் வீணானது.

சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு ஓடப் போனேன். உடம்பெல்லாம் தடித்து மயங்கி விழுந்தேன். இரண்டு முறை ஆகிவிட்டது. ஓடாத நாளில் எத்தனை சப்பாத்தி சாப்பிட்டாலும் ஒன்றுமில்லை. (சேலம், வயது 24)

இதைப் படித்ததும் இந்த வாரமே அலர்ஜி நிபுணரைப் பாருங்கள். மூன்றாவது முறை உயிருக்கு ஆபத்தாகலாம். பார்க்கும்வரை கோதுமை சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டாம். ஆஸ்பிரின் மாதிரி வலிமாத்திரையும் இதைத் தூண்டும்.

கோதுமையோடு உடற்பயிற்சி சேர்ந்தால் மட்டும் வெடிக்கிற ஒரு வகை அலர்ஜி இருக்கிறது. பெரும்பாலும் காரணம் ஒமேகா-5 கிளையடின். ஆல்ஃபா குடும்பம் மாதிரி பெருங்கூட்டம் இல்லை, சின்னக் குடும்பம். ஒரே குரோமோசோமில் ஒரு மூலையில் இருக்கிறது. கலிபோர்னியாவின் ஆல்பனியில் இருக்கும் அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் சூசன் ஆல்டன்பாக் குழு, 'ப்யூட் 86' என்ற ரகத்தில் இதை அடக்கிக் காட்டியது; மாவின் குணம் கெடவில்லை. கொரியாவில் மரபணு வேலையே இல்லாமல், ரகங்களைக் கலப்பு செய்தே ஒமேகா-5 இல்லாத 'ஓஃப்ரீ' கோதுமை எடுத்துவிட்டார்கள். 'அலர்ஜி குறைந்த கோதுமை' என்ற பெயருக்கு உண்மையில் கிட்டே இருப்பது இதுதான். அதுவும் உங்களைப் போன்றவருக்கு மட்டும். மதுரைப் பேத்திக்கு இது சாதாரணக் கோதுமையேதான்.

ஒரு புரதத்தை எடுக்கப்போய் புது அலர்ஜியைக் கொண்டுவந்துவிட மாட்டார்களா? (திருச்சி)

நியாயமான பயம். ஒரு தடவை கிட்டத்தட்ட நடந்தது. சோயாவின் சத்தைக் கூட்ட, பிரேசில் கொட்டையிலிருந்து ஒரு புரதத்தின் மரபணுவை அதில் வைத்தார்கள். கொட்டை அலர்ஜி உள்ளவர்களின் ரத்தத்தோடு சேர்த்துச் சோதித்தபோது, அலர்ஜி தரும் புரதமே சோயாவுக்கு மாறி வந்துவிட்டது தெரிந்தது. 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சோயா சந்தைக்கு வரவே இல்லை. கோதுமையில் நடப்பது சேர்ப்பது அல்ல, கழிப்பது, ஆபத்து குறைவு. ஆனாலும் ஒரு புரதம் குறைந்தால் அந்த இடத்தை நிரப்ப வேறு புரதம் கூடும். எது கூடியது என்று ஒவ்வொரு ரகத்திலும் பார்த்தே ஆக வேண்டும்.

மரபணுவைத் தொடாமலும் புது அலர்ஜி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் கோதுமைப் புரதத்தை உடைத்துச் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் போட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை உணவே ஒத்துக்கொள்ளாமல் போனது. தோல் வழியாக உள்ளே போன வினை.

சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. க்ளூட்டனை நிறுத்திவிடட்டுமா? (பலர்)

பரிசோதனைக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். கோதுமையை விட்டுவிட்டுச் சீலியாக் ரத்தப் பரிசோதனைக்குப் போனால், நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். சீலியாக் இல்லை என்று தெரிந்தால், உப்புசத்துக்குக் காரணம் கோதுமையின் ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலியாகவும் இருக்கலாம். வெங்காயம், பூண்டிலும் அதுதான். க்ளூட்டன் வெட்டிய கோதுமை வந்தாலும் அப்போது உங்கள் வயிறு உப்பும்.

மதுரை வாசகியின் மிச்சக் கேள்வி: பேத்தி லீவுக்கு வருகிறாள். இட்லி, தோசை, சோறு என்று நம் சாப்பாடு போட்டால் போதும்தானே?

போதும், நாலு இடத்தில் ஜாக்கிரதையாக இருந்தால். ரவை, சேமியா இரண்டும் கோதுமை என்பது உங்களுக்குத் தெரியும். ரவா தோசையும் ரவை இட்லியும் அந்தக் கணக்கில்தான். தோசைக்கல்லைத் தனியாக வாங்கிவிடுங்கள். சப்பாத்தி சுட்ட கல்லைக் கழுவி நம்ப வேண்டாம்.

தெரு மாவு மில்லில் புட்டு மாவோ இடியாப்ப மாவோ அரைக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருந்தால், கல் இடுக்கிலும் தொட்டியிலும் நின்ற மாவு உங்கள் அரிசியோடுதான் வரும். 'ரெண்டு படி அரிசி போட்டுக் கழிச்சுட்டேன்' என்று மில்காரர் சொல்வார். பழகிய மனிதர், பொய் சொல்ல மாட்டார். ஆனால் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகைக்கும் கீழே. அரிசியை ஊறவைத்து வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். அந்தச் சல்லடையும் புதிதாக இருக்கட்டும்.

அப்புறம் பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு சேர்த்துப் பிசைவது பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் எல்லாவற்றிலும் அது போகிறது. டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். அரிசி மாவு சேர்த்தவையும் கிடைக்கின்றன. பேத்தி வருவதற்கு முன்னால் போட்ட ஊறுகாய் ஜாடியை மேல் அலமாரியில் ஏற்றிவிடுங்கள்.